சவுரி வைத்த சைப்ரஸ்

அந்த முடிதிருத்துபவருக்குத் தெருவில் பூனைக்கை என்று பெயர். கத்தி காதோரம் போய் வந்ததே தெரியாது. பாதிப் பேர் நாற்காலியிலேயே குறட்டை விடுவார்கள். இருபத்தாறு வருடத்தில் ஒரு காதில்கூட ரத்தம் பார்க்காத கை. அப்பேர்ப்பட்ட கை, பால்கனியில் ஒரு முழ உயர மரத்தின் முன்னால் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது.

மரம் மகளுடையது. சைப்ரஸ் போன்சாய். தட்டையான சட்டி, கட்டைவிரல் தடிமனில் தண்டு, குட்டிக் குட்டி விசிறிகளாகப் பிரியும் இலைக்கொத்து. நாலு வருடமாக வளர்க்கிறாள். வேலைப் பயிற்சிக்காக மூன்று மாதம் வெளியூர் போக வேண்டி வந்தபோது அதை யாரிடம் விடுவது என்ற பேச்சு எழுந்தது. அம்மாவிடம் விட முடியாது. அந்த அம்மாள் கையில் தண்ணீர்ச் சொம்பைக் கொடுத்தால் கள்ளிச்செடிகூட மூழ்கிச் சாகும். கடைசியில் வாசலில் பெட்டியோடு நின்றபடி, வேறு வழியில்லாமல், மகள் அப்பாவிடம் சொன்னாள்.

"அப்பா, மரத்தை நீங்க பாத்துக்கோங்க."

ஐந்து வருடத்தில் அவள் அவரிடம் வாய்திறந்து கேட்ட முதல் உதவி அதுதான்.

அவளுக்குப் பதினேழு வயதாக இருந்தபோது நடந்தது அது. ஆறு மணிக்கு வரவேண்டிய பெண் நன்றாக இருட்டிய பிறகு வந்தாள். அதற்குள் கடையில் ஒரு வாடிக்கையாளர், சோப்பு நுரைக்குள்ளிருந்தபடியே, "உங்க பொண்ணை பஸ் ஸ்டாண்டுல ஒரு பையனோட பாத்தேனே" என்று ஊதிவிட்டுப் போயிருந்தார். பூனைக்கைக்குக் கண்மண் தெரியவில்லை. கத்தரிக்கோலை எடுத்து, இடுப்பு வரை இருந்த அவள் பின்னலைக் கழுத்தோடு வெட்டிவிட்டார். மனைவி அலறியபோது, "முடிதானே, வளரும்" என்றார். வளரத்தான் செய்தது, அவள் வளரவிடவில்லை. அன்றிலிருந்து கிராப்புதான். அதையும் வேறு தெருவில் வேறொருவர் கடையில் வெட்டிக்கொண்டாள். அப்பாவிடம் "ம்", "சரி", "தெரியாது" என்ற மூன்றோடு சரி.

ஆகவே மரத்தை அவர் மரமாகப் பார்க்கவில்லை. இது பிழைத்தால் மகள் நாலாவது வார்த்தை பேசுவாள் என்று நம்பினார். அவள் எழுதி ஒட்டிவிட்டுப் போன தாளை மனப்பாடம் செய்தார். தினமும் விரலால் மண்ணைத் தொட்டுப் பார்க்கணும். மேல்மண் காய்ந்தால் அடியில் வழியும்வரை தண்ணீர். காலை வெயில் வேண்டும், வீட்டுக்குள் வைக்கக்கூடாது. புதுக் கொழுந்தின் நுனியை மட்டும் விரலால் கிள்ளணும். கத்தரிக்கோல் வேண்டாம். கடைசி வரிக்கு மட்டும் அவள் இரண்டு கோடு போட்டிருந்தாள்.

எண்பது நாள் ஒழுங்காகத்தான் போயிற்று. மகள் வர இன்னும் பத்து நாள் இருக்கையில் ஆசை வந்து கெடுத்தது. மரம், மூன்று மாதமாகக் கடைப்பக்கம் எட்டிப் பார்க்காத ஆளைப் போலப் பரட்டையாக நின்றது. வந்ததும் அவள் பார்த்து அசந்துபோக வேண்டாமா? சின்னக் கத்தரிக்கோலை எடுத்தார். இடப்பக்கத்து அடிக்கிளையில் கொஞ்சம் எடுத்தார். எடுத்ததும் வலப்பக்கம் கனமாகத் தெரிந்தது. அதில் கொஞ்சம் எடுத்தார். இப்போது இடப்பக்கம் கனம். புதிதாகத் தொழில் பழகுகிறவன் கிருதா வைக்கும்போது செய்கிற அதே கோணங்கித்தனம். ஒரு கிருதாவை ஏற்றி, மற்றதைச் சமமாக்கி, மறுபடி ஏற்றிக் கடைசியில் இரண்டுமே காணாமல் போகும். கத்தரியைக் கீழே வைத்தபோது இரண்டு அடிக்கிளைகளும் விறகுக்குச்சியாக நீட்டிக்கொண்டிருந்தன. ஒரு பொட்டுப் பச்சை இல்லை.

முதலில் அவர் பயப்படவில்லை. வெட்டியது வளரும், இது தொழிலில் கண்ட உண்மை. வெட்டிய கொத்துகளை எறிய மனசு வராமல் ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுவைத்துவிட்டு, எதற்கும் கேட்டுவிடலாம் என்று போனில் படமெடுத்துக்கொண்டு செடிக்கடைக்குப் போனார்.

செடிக்கடைக்காரம்மா படத்தைப் பார்த்து உச்சுக்கொட்டினாள்.

"இது ரோஜாச் செடி இல்லீங்க. பச்சை ஒட்டியிருந்தாத்தான் அந்தக் கிளை மேல வளரும். மொட்டையா விட்டா அவ்வளவுதான்."

"எப்ப துளிர்க்கும்?"

"துளிர்க்காதுன்னுதானே சொல்றேன்."

"மத்த இடமெல்லாம் பச்சையாத்தானே இருக்கு?"

"அதை நம்பாதீங்க. இந்த ஜாதி செத்ததைக்கூட உடனே காட்டாது. வெட்டிப் போட்ட கொத்தே தண்ணியில ரொம்ப நாள் பச்சையா நிக்கும். மரமும் அப்படித்தான். நகத்தால தண்டைச் சுரண்டிப் பாருங்க. தோலுக்கடியில பச்சை தெரிஞ்சா உயிர் இருக்கு."

திரும்பி வரும் வழியில் இரண்டு இடத்தில் நின்று போனில் இருந்த படத்தைப் பார்த்தார். பச்சையாக இருந்தாலும் செத்திருக்கலாம் என்றால் எதைப் பார்த்து மனிதன் தைரியம் கொள்வது? அன்று மாலை ஏழு தடவை தண்டின் அருகே நகத்தைக் கொண்டுபோனார். ஏழு தடவையும் கையை இழுத்துக்கொண்டார். சுரண்டி உள்ளே பழுப்பாக இருந்துவிட்டால்?

மனைவி வந்து எட்டிப் பார்த்தாள். "என்னங்க, மரத்துக்கு ஷேவிங்கா?" என்றவள், விஷயம் தெரிந்ததும் நகத்தால் ஒரே கீறு கீறினாள். "பச்சையாத்தான் இருக்கு. உங்க மூஞ்சிதான் வெளுத்திருக்கு."

உயிர் இருக்கிறது. அந்தப் பயம் போன இடத்தில் மற்றது வந்து சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டது. அந்த இரண்டு மொட்டைக் கிளைகள். சட்டியைத் திருப்பிவைத்தார், ஒரு பக்கம் மறைந்தால் மறுபக்கம் தெரிந்தது. கடையில் ஒருவருக்கு மீசையை வழித்துவிட்டு, மீசை வேண்டுமா என்று பிறகு கேட்டார். மகள் வந்து பார்ப்பாள், ஒன்றும் சொல்லமாட்டாள், "ம்" என்பாள். அந்த "ம்" இனி அவர் சாகும்வரைக்கும் போதும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

அவள் வருவதற்கு முந்தின நாள் டம்ளரைப் பார்த்தார். செடிக்கடைக்காரம்மா சொன்னபடியே கொத்துகள் பச்சைப் பசேலென்று இருந்தன. தலையில் முடி குறைந்தவர்களுக்குச் சவுரி வைக்கிறோமே, அந்த யோசனை வந்தது. கிளைகளை வளைத்துவிட மகள் வைத்திருந்த மெல்லிய செம்புக்கம்பி அலமாரியில் இருந்தது. கொத்துகளை ஒவ்வொன்றாக மொட்டைக் கிளையில் பொருத்தி, கம்பியை இலைக்கடியில் மறைத்துச் சுற்றினார். கை இப்போது நடுங்கவில்லை. அது அவரையே கொஞ்சம் பயமுறுத்தியது. முடிந்ததும் தள்ளி நின்று பார்த்தார். மரம் முன்னைவிட அழகாகவே இருந்தது.

"நல்லாத்தான் இருக்கு. பாவமாவும் இருக்கு" என்றாள் மனைவி.

மறுநாள் காலை மகள் வந்தாள். பெட்டியைக் கூடத்திலேயே போட்டுவிட்டு நேராகப் பால்கனிக்குப் போனாள். பூனைக்கை கதவோரம் திருட்டு முழியோடு நின்றார். அவள் குனிந்து மரத்தைப் பார்த்தாள். முகம் மெல்ல மலர்ந்தது.

"அப்பா! ரொம்ப நல்லா பாத்துக்கிட்டீங்களே. நான் வளர்த்தப்பகூட இவ்வளவு அழகா இல்ல."

ஐந்து வருடமாகக் காத்திருந்த பேச்சு. கேட்கும்போது அவருக்குக் காது அடைத்தது.

"வேலை அங்கேயே போட்டுட்டாங்க. அடுத்த வாரம் போறப்ப இதையும் எடுத்துட்டுப் போறேன். ரூம்ல தனியாத்தானே இருக்கப் போறேன், பேச்சுத் துணைக்கு ஆச்சு."

பூனைக்கைக்கு அந்த அறை கண்ணில் தெரிந்தது. கொத்துகள் அங்கே ஒவ்வொன்றாகப் பழுக்கும். என்ன தப்பு செய்தோம் என்று அவள் தவிப்பாள், தன்னையே திட்டிக்கொள்வாள். அப்புறம் ஒருநாள் கம்பியைக் கண்டுபிடிப்பாள். இப்போது வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், ஒரு வாரம் அவள் அவரோடு பேசுவாள். அந்த ஒரு வாரத்துக்காக அவர் எதையும் கொடுப்பார். மகளோ அடிக்கிளையைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினாள்.

"தொடாதேம்மா."

அவரே போய்க் கம்பியைப் பிரித்தார். இடப்பக்கத்துக் கொத்துகள் தரையில் விழுந்தன. வலப்பக்கத்தையும் பிரித்தார்.

"நான்தான் வெட்டினேன். இனிமே இது வளராதாம். உனக்குத் தெரியக்கூடாதுன்னு ஒட்டுப்போட்டு வெச்சேன்."

மகள் கீழே கிடந்ததைப் பார்த்தாள், கிளைகளைப் பார்த்தாள். "ரெண்டு பக்கமுமா?"

"சமமாக்கலாம்னு..." குனிந்து, விழுந்த கொத்துகளைப் பொறுக்கினார். பொறுக்கியபடியே, "அன்னிக்கு உன் முடிய வெட்டினதும் தப்பு. வளரும்னு சொன்னேன் பாரு, அது அதைவிடத் தப்பு" என்றார்.

மனைவி சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள். மகள் மொட்டைக் கிளையின் வெட்டுவாயை விரலால் தடவினாள்.

"முடிக்காகவா நான் பேசாம இருந்தேன்னு நெனச்சீங்க?"

அவர் பொறுக்கிய கொத்துகளைச் சட்டியோரம் வைத்தார்.

"நான் அன்னிக்கு எங்க போயிருந்தேன்னு இதுவரைக்கும் நீங்க என்னைக் கேக்கவே இல்லப்பா."

பத்து நாளாகப் பட்ட பயமெல்லாம் ஒன்றுமே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அவர் கேட்காமல் விட்டது மறதியால் அல்ல. அந்த வாடிக்கையாளர் சொன்னது உண்மையாக இருந்திருந்தால் ஒரு சமாதானமாவது மிஞ்சும். பொய்யாக இருந்துவிட்டால்? அந்தக் கேள்வியின் பக்கமே போகாமல் ஐந்து வருடம் கத்தி தீட்டிக் காலத்தை ஓட்டியிருந்தார். இப்போதும் ஓடிவிடத்தான் கால் துடித்தது. கதவு பக்கத்தில்தான் இருந்தது.

"எங்கம்மா போயிருந்தே?" என்று கேட்டார்.

மகள் பால்கனியில் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"உக்காருங்க. சொல்றதுக்குக் கொஞ்ச நேரம் ஆகும்."

அங்கே ஸ்டூல் ஒன்றுதான் இருந்தது. பூனைக்கை தரையில் உட்கார்ந்தார்.