இயந்திரம் கறிபாப் தின்னாது

எழுந்தேன். கெட்டிலில் தண்ணீர் வைத்தேன். குளித்தேன். சட்டைக்கு இஸ்திரி போட்டேன், முன்பக்கம் மட்டும். மைலோ கலக்கிக் குடித்தேன். குவளையைக் கழுவிக் கவிழ்த்தேன். கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறி, கேஎல் சென்ட்ரலில் இறங்கி, பிரிக்ஃபீல்ட்ஸுக்கு நடந்தேன். சனிக்கிழமைகளில் இப்படித்தான். மற்ற நாள்களிலும் ஏறக்குறைய இப்படித்தான்.

எங்கள் டியூஷன் சென்டர் ஒரு கைத்தொலைபேசிக் கடையின் மாடியில் இருக்கிறது. நான் ஆங்கிலக் கட்டுரையும் இலக்கணமும் எடுக்கிறேன். பேச்சுப் பயிற்சியை என் மனைவி தாமரை எடுத்தாள். போன வருடம் டெங்கியில் இறந்துபோனாள். இப்போது அந்த வகுப்பை ஒரு கணினி எடுக்கிறது. தாமரையின் குரலில்.

இதில் மர்மம் எதுவும் இல்லை. மாணவர்களோடு ஆங்கிலத்தில் உரையாடும் செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றை சென்டர் வாங்கியபோது, பிள்ளைகளுக்குப் பழகிய குரலாக இருக்கட்டும் என்று தாமரை ஒரு வாரம் உட்கார்ந்து வாக்கியங்களை வாசித்துப் பதிவு செய்தாள். அந்தக் குரலை வைத்து அது எதை வேண்டுமானாலும் பேசும். அவள் போன பிறகு, குரலை மாற்றட்டுமா என்று கேட்டார்கள். இருக்கட்டும் என்றேன். அந்த நாள்களில் எதைக் கேட்டாலும் இருக்கட்டும் என்றுதான் சொன்னேன். சாவுக்கு வந்தவர்கள் உட்காரப் பக்கத்து வீட்டில் கடன் வாங்கிய இருபது பிளாஸ்டிக் நாற்காலிகள் இன்னும் என் வீட்டில்தான் இருக்கின்றன.

படியேறும்போதே உஷாராணி அக்கா பிடித்துக்கொண்டார். சென்டர் அவருடையது.

“லோகா, சாப்பிட்டியா?”

“சாப்பிட்டேன்கா.”

“மூஞ்சப் பாத்தா தெரியுது. சரி, இன்னிக்கு பதில் சொல்லிடுப்பா. சாயந்திரம் கம்பெனிக்காரன் போன் போடுவான்.”

சுபாங் ஜெயா, ஷா ஆலம், ஸ்ரீ கெம்பாங்கான் என்று மூன்று கிளைகள் திறக்கப் போகிறார். எல்லா இடத்திலும் ஒரே குரல் இருக்க வேண்டும் என்கிறது செயலிக் கம்பெனி. நான் சரி என்றால் தாமரை நான்கு ஊர்களில் பாடம் எடுப்பாள். வேண்டாம் என்றால் இங்கேயும் அழித்துவிட்டு வேறு குரல் போட்டுவிடுவார்கள்.

“அழிச்சா திரும்பக் கெடைக்காதாம். வீட்ல அவ பேசினது ஏதாச்சும் இருக்கா?”

“இல்லக்கா.”

தாமரை வாட்சாப்பில் ஒரு வரி தட்டிவிடுவாள், குரல் அனுப்ப மாட்டாள். எங்கள் கல்யாண வீடியோவில் நாதஸ்வரம்தான் கேட்கிறது.

வகுப்பறை வாசலில் அய்மன் நின்றிருந்தான். படிவம் ஐந்து, பள்ளியில் கடைசி வருடம். வாய் ஓயாது.

“சார், நேத்து கம்ப்யூட்டர் டீச்சர் என்கிட்ட ‘ஐ ஆம் சோ பிரவுட் ஆஃப் யூ’ன்னு சொன்னாங்க.”

“நீ என்ன சொன்ன?”

“ஐ லைக் நாசி லெமாக்.”

“தேங்காப்பால் சோத்துக்கா பெருமைப்பட்டுச்சு?”

“அது எல்லாத்துக்கும் பெருமைப்படும் சார். தும்மினாகூட தொண்ணூறு மார்க் தரும் லா.”

தாமரை என்னைக்கூடப் பாராட்டியதில்லை. நான் சமைத்த மீன் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, “பரவால்ல, மீன் நல்ல மீன்” என்றவள்.

திங்கட்கிழமை பிள்ளைகளுக்கு எஸ்பிஎம் ஆங்கிலப் பேச்சுத் தேர்வு. அதனால் இன்று ஒத்திகை. தேர்வாளர் இடத்தில் நான். முதலில் ஹனீன் வந்தாள். அவள் அப்பா அப்துல் ரஹ்மான் இரண்டு தெரு தள்ளி சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். செயலியில் அவளுக்குத்தான் எப்போதும் அதிக மதிப்பெண்.

உட்கார்ந்தாள். கையிலிருந்த காகிதப் பையை மேசையின் நடுவில் வைத்தாள். உனக்குப் பிடித்த இடத்தைப் பற்றிச் சொல் என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

பேசவில்லை. என்னைப் பார்த்தாள். பையைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள்.

நானும் பேசவில்லை. அதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு.

“என்னாச்சு ஹனீன்? கம்ப்யூட்டர்கிட்ட நல்லா பேசுறியே.”

“அது எங்க சார் பேச விடுது? ரெண்டு செகண்ட் சும்மா இருந்தா அதுவே மிச்சத்தைச் சொல்லிடும். நான் யெஸ் யெஸ்ஸுன்னு சொல்லுவேன்.”

கதவருகிலிருந்து அய்மன் தலையை நீட்டினான். “சார், தாமரை டீச்சரா இருந்தா இந்நேரம் பாதி முடிஞ்சிருக்கும்.”

“தேர்வா?”

“கறிபாப்.”

எனக்குப் புரியவில்லை. ஹனீன்தான் விளக்கினாள். தாமரையின் வகுப்புக்கு வருகிறவர்கள் தங்கள் பலகாரத்தை மேசையில் வைத்துவிட வேண்டுமாம். பேசத் தொடங்கும்வரை டீச்சர் அதைத் தின்பார். நிறுத்தச் சொல்ல வேண்டுமென்றால் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். தமிழில் சொன்னால் இன்னொரு கடி.

“ரொம்ப மெதுவா தின்பாங்க சார். சத்தமா. நம்ம மூஞ்சியையே பாத்துக்கிட்டு. வயிறு எரியும். இங்கிலீஷ் தானா வந்துரும்.”

சனிக்கிழமைகளில் தாமரை வீட்டுக்கு வந்து மதியச் சோறு தின்னமாட்டாள். உடம்பைக் குறைக்கிறாள் என்று நினைத்திருந்தேன்.

பையைப் பிரித்தேன். உள்ளே இரண்டு கறிபாப், அரைவட்டமாக மடித்துப் பொரித்தவை. ஒன்றை எடுத்துக் கடித்தேன். உருளைக்கிழங்கு, கோழி, நிறைய மிளகு. ஹனீன் கண்ணை விரித்தாள். இன்னொரு கடி.

“சார்...”

மூன்றாவது கடி. உண்மையிலேயே பசித்தது. ஒன்று முடிந்து இரண்டாவதில் கை வைத்தேன்.

“சார், நோ! தட் ஒன் இஸ் மை லஞ்ச்! மை மதர் வேக்கப் ஃபைவ் ஓ கிளாக் டு மேக், யூ நோ!”

“வெயர்?”

“இன் அவர் ஷாப் லா! இன் த கிச்சன்! வெரி ஹாட், வெரி ஸ்மால், பட் ஐ லைக் தட் பிளேஸ், பிகாஸ் மார்னிங் ஒன்லி மை மதர் அண்ட் மீ...”

இலக்கணம் அங்கங்கே உடைந்தது. அவள் நிற்கவில்லை. அம்மா நசீமா மாவு உருட்டுவது, தான் ஓரம் மடிப்பது, அப்பா எழுந்து வந்ததும் அந்த அமைதி கெடுவது, எல்லாம் வந்தது. நான் கையை எடுத்துக்கொண்டேன். அவள் முடித்துவிட்டு, மிச்சமிருந்த கறிபாப்பைப் பையோடு தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“ஓகேவா சார்?”

“பரவால்ல,” என்றேன். “கறிபாப் நல்ல கறிபாப்.”

அய்மன் சிரித்தான். அவன் பையில் கச்சாங் பூத்தே, வறுத்த கடலை, இருந்தது. அதையும் தின்றேன்.

வகுப்பு முடிந்து உஷாராணி அக்காவின் அறைக்குப் போனேன்.

“எடுத்துடச் சொல்லுங்கக்கா.”

“நல்லா யோசிச்சியா? அவ குரல்பா.”

“குரல் அவளோடதுதான். பேசுறது அவ இல்ல.”

அக்கா மேசையைத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த மேசை.

“அப்ப பேச்சு கிளாஸ யாரு எடுக்கிறது?”

“நான் எடுக்கிறேன்.”

“நீயா? நீ என்கிட்டயே பேச மாட்டியே.”

“நான் பேச வேண்டியதில்லக்கா. தின்னாப் போதும்.”

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு போனை எடுத்தார்.

அப்துல் ரஹ்மான் கடையில் இரண்டு கறிபாப் வாங்கிக்கொண்டு கொமுட்டரில் ஏறினேன். இடம் கிடைத்தது. பையை மடியில் வைத்துக்கொண்டேன்.

தாமரை கடைசியாக என்ன சொன்னாள் என்று அப்போது பலபேர் கேட்டார்கள். பெரிதாக ஏதாவது எதிர்பார்த்தார்கள். பெருமையாக இருக்கிறது என்று சொல்லியிருந்தால் அவர்களுக்குத் திருப்தியாக இருந்திருக்கும். அன்று ஆஸ்பத்திரியில் அவளுக்குக் காய்ச்சல் இறங்கியிருந்தது. அவளுக்குப் பசித்தது. டெங்கியில் காய்ச்சல் இறங்கிய பிறகுதான் ஆபத்து என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. நான் கீழே கேன்டீனுக்குப் போக எழுந்தேன். திரும்பி வந்தபோது கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தார்கள்.

நான் எழுந்தபோது அவள் சொன்னது இதுதான்.

“கறிபாப் ரெண்டா வாங்கு லா. உன்னோடத நீ தின்னு. என்னோடத கடிச்சிட்டு வராத.”