மாற்றிப் பாடிய வரி

ஆணாக மாறுவதற்கான ஊசியைப் போட ஆரம்பித்தால் தொண்டை தடித்துப்போகும், பெண்ணாக வளர்ந்த காலத்துக் குரல் அப்புறம் தலைகீழாக நின்றாலும் திரும்பாது என்று வெண்டலுக்குத் தெரியும். அதனால் ஊசிக்கு முன்பே அந்தக் குரலைப் பதிவு செய்து வைத்துக்கொண்டான். அமெரிக்காவின் நாக்ஸ்வில் நகர மேடைகளில் பழைய குரல் ஒலிபெருக்கியில் உச்சத்தில் பாடும், இவன் கீழே சேர்ந்து பாடுவான். கைத்தட்டலுக்குக் குறைவில்லை. பெற்றவள் ஓபல் மட்டும் எட்டிப் பார்த்ததில்லை. தான் வைத்துக்கொண்ட 'வெண்டல்' என்ற ஆண்பெயரை அவள் வாயால் ஒரு தடவை கேட்டால் போதும் என்று ஏங்கிக் கிடந்தான் பாவி.

ஒருநாள் மத்தியான ஒத்திகைக்கு அவளே வந்து நின்றாள்.

"உன்னப் பாக்க வரலடி. அந்தப் பொண்ணு பாடுறதக் கேக்க வந்தேன்."

அந்த 'டி' சுருக்கென்று தைத்தது. ஓபல் அவனுக்கு முதுகைக் காட்டி, ஒலிபெருக்கிக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். ஒலிப்பதிவுக்காரி லூப்பேயிடம் வெண்டல் தலையசைத்தான்.

பதிவில் இருந்தது இரண்டே சரணம். அது முடிந்தும் ஓபல் எழுந்திருக்கவில்லை. அவர்களுடைய மலையூர்த் தேவாலயத்தில் பாட்டுப் புத்தகம் கிடையாது. ஒருவர் வரியைச் சொல்லிக் கொடுப்பார், மற்றவர்கள் ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் இழுத்துப் பாடுவார்கள். வீட்டில் சொல்லிக் கொடுப்பவள் ஓபல்தான். பழக்கதோஷம், மூன்றாம் சரணத்தை எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

"வாசலில் நிற்கிறேன், தாயே, உன் மகள்."

ஒலிபெருக்கி திருப்பிப் பாடியது.

"வாசலில் நிற்கிறேன், தாயே, உன் மகன்."

"நான் எதையும் தொடல வெண்டல். பதிவு அப்பவே முடிஞ்சுபோச்சு," என்றாள் லூப்பே. அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

வெண்டல் ஒலிபெருக்கிக்கு அருகே போய்க் காதைக் கொடுத்தான். குரல் அவனுடையதுதான், சந்தேகமே இல்லை. ஆனால் அந்த வரியை அவன் ஒருநாளும் பதிவு செய்ததில்லை.

"ஏண்டி, சொன்னதத் திருப்பிச் சொல்லத் தெரியாதா உனக்கு?" ஓபல் ஒலிபெருக்கியைத்தான் அதட்டினாள். மறுபடி 'மகள்' என்று அழுத்திக் கொடுத்தாள். மறுபடி 'மகன்' என்றே வந்தது, அவசரமே இல்லாமல். லூப்பே பாய்ந்து மின்கம்பியைப் பிடுங்கினாள். பிடுங்கியும் ஒலிபெருக்கிக்குள் மூச்சு கேட்டது. அடுத்த வரிக்காகக் காத்திருக்கிறவர்கள் விடும் மூச்சு.

ஓபல் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். போகப்போகிறாள் என்றே வெண்டல் நினைத்தான். அவளோ போகவில்லை.

"பிடிவாதம் புடிச்ச கழுத. சின்னதுலயே இப்படித்தான்," என்று முணுமுணுத்தாள். பிறகு வாய்க்குள்ளேயே கொடுத்தாள்.

"வாசலில் நிற்கிறேன், தாயே, உன் மகன்."

மூச்சு நின்றுவிட்டது. ஒலிபெருக்கி வெறும் பெட்டியாகக் கிடந்தது. பதில் சொல்ல வேண்டியவன் தான்தான் என்று வெண்டலுக்கு அப்போதுதான் உறைத்தது. தடித்த குரலில், ஓர் எழுத்தும் மாற்றாமல் பாடினான்.

ஓபல் திரும்பி அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சுதி எறங்குதுடா, வெண்டல்," என்றாள்.