முதல் நாள் சொட்டு

டாக்டர் தளவாயைப் பழிவாங்க எனக்கு ஒரு வருஷம் பிடித்தது. நான் அவசரப்படவில்லை.

செம்பூர் ஆய்வுக்கூடத்தில் அவர் தலைவர், நான் டெக்னீஷியன். தீக்காயத்தின் மேல் வைத்துத் தைக்க உள்ளங்கை அகலத்தில் சதை வளர்க்கிறோம். ரத்தக்குழாய் இல்லாத சதை உள்ளுக்குள் செத்துப்போகும். சர்க்கரைப் பாகை நூலாக இழுத்து ஜெல்லுக்குள் பதித்தால், நூல் கரைந்து குழாய் மிஞ்சும். அதன் சுவரில் செல்களை ஒட்டவைத்தால் ரத்தக்குழாய். அதைக் கண்டுபிடித்தவள் நான். தாராவியிலிருந்து பஸ் பிடித்து, பெருநாள் அன்றும் வந்து வேலை பார்த்தவள். கட்டுரை வெளியானபோது அவர் பெயர் இருந்தது. ஆய்வுக்கூடத்தை எட்டிக்கூடப் பார்க்காத அவர் மருமகன் பெயரும் இருந்தது. என் பெயர் இல்லை. கேட்டதற்குச் சிரித்தார்.

புதுக் குழாயில் முதல் நாள் சொட்டுச் சொட்டாகத்தான் திரவம் விட வேண்டும். ஆறு நாளில் மெல்லக் கூட்ட வேண்டும். நோன்பு திறக்கிறவர் எடுத்ததும் பிரியாணியிலா கை வைப்பார்? கஞ்சிதானே குடிப்பார். இதை ஒருமுறை தளவாயிடம் சொன்னேன்.

"எனக்கே பாடம் எடுக்கியா? ஒன் சோலியப் பாரு" என்றார்.

பார்த்தேன்.

கட்டுரையைப் படித்துவிட்டுப் பணம் போட ஒரு கம்பெனியிலிருந்து நாலு பேர் வந்தார்கள். முந்தின நாள் தயாரான துண்டை அவரே பம்பில் மாட்டினார். சிவப்புத் திரவம் வேகமாக ஓடினால்தானே பார்க்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள்? எடுத்த எடுப்பில் முழு வேகம் வைத்தார். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். செல்கள் உரிந்தன, குழாய் கிழிந்தது, மேஜையெல்லாம் சிவப்பு. என் மனசு குளிர்ந்தது.

ஆனால் நான் காத்திருந்தது அதற்கு மட்டுமல்ல. மாட்டிக்கொண்டால் அவர் பழியை யார் தலையிலாவது கட்டுவார் என்று தெரியும். என் தலையில் கட்டினார். தொடக்கத்திலிருந்து எல்லாம் இந்த மெஹராஜ்தான் செய்தாள், நூல் இழுத்ததுகூட அவள்தான், என் கையே படவில்லை என்று இங்கிலீஷில் தெளிவாகச் சொன்னார். வந்தவர்களில் ஒருவர் அதை எழுதிக்கொண்டார்.

நான் இன்குபேட்டரைத் திறந்து, ஆறு நாள் பழக்கி வைத்திருந்த இன்னொரு துண்டை எடுத்து மாட்டினேன். அதே முழு வேகம். ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை.

"சார் சொன்னது நிஜம்" என்று எல்லோருக்கும் புரிய இந்தியில் சொன்னேன். "இதையும் நான்தான் வளர்த்தேன். அவர் கை படவில்லை."

எழுதிக்கொண்டிருந்தவர் தளவாயைத் தாண்டி வந்து என் முழுப்பெயரைக் கேட்டார்.