பூஜை போட்ட கம்பம்

எங்கள் கால்பந்து கிளப் சோனாடாங்கா ஸ்போர்ட்டிங் வரிசையாக ஆறு ஆட்டம் தோற்ற அந்த மழைக்காலத்தில், கல்கத்தா மைதானம் முழுக்கத் தேடினாலும் பயிற்சியாளர் பரிதோஷ்தாவுக்கு ஆதரவாகப் பேசிய ஒரே ஆள் நான்தான். அதற்காக என்னை நல்லவன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பரிதோஷ்தா என் மனைவி சுபர்ணாவின் அண்ணன். கல்யாணம் ஆகாதவர். எங்கள் வீட்டு மாடி அறையில்தான் இருக்கிறார்.

அவருக்கு வேலை போனால் என்ன ஆகும் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்படி எட்டு மாதம் சும்மா இருந்தார். எட்டு மாதமும் காலை ஐந்து மணிக்கு என் காதருகே விசில். தெருவைச் சுற்றி ஓடினேன். ஞாயிற்றுக்கிழமை லூச்சிப் பூரி நின்றுபோய் முளைகட்டிய பயறு வந்தது. "தாதா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று, அண்ணன் பேச்சைத் தட்டாத சுபர்ணாவும் எதிரணியில் சேர்ந்துகொண்டாள். ஏழு கிலோ குறைந்தேன். வீட்டில் என் மரியாதை எத்தனை கிலோ குறைந்தது என்று யாரும் எடை போடவில்லை.

ஆறாவது தோல்விக்குப் பிறகு கிளப் கூடாரத்தின் கேன்டீனில், தார்ப்பாய்க்குக் கீழே, ஸ்டூவும் டோஸ்ட்டுமாகக் கச்சேரி நடந்தது.

"லால்ட்டுவ கோல்ல நிறுத்துறதுக்கு என் கடை ரூயி மீன நிறுத்தலாம். அதாவது துள்ளும்," என்றான் மீன்கடை நந்து. "முப்பத்தெட்டு வயசு கீப்பர்! அவன் விழுந்து சேர்றதுக்குள்ள பந்து வலைக்குள்ள தூங்கி எழுந்திருச்சுடுது."

"லால்ட்டுவ ஏன் திட்டுற? அவனை எடுத்த ஆளைத் திட்டு," என்றார் ஹரிபதபாபு. ஓய்வுபெற்ற ட்ராம் டிரைவர். "முப்பது வருஷம் ட்ராம் ஓட்டினவன் சொல்றேன். இந்தப் பரிதோஷ் அணிக்குத் தண்டவாளமே போடல. நடுவுல ஓடுற நாலு பேரும் யார் எந்தப் பக்கம்னு தெரியாம முட்டிக்கிறானுங்க."

"டேய் தேபு, உன் மச்சானுக்குப் பாசமா எடுத்துச் சொல்லுடா. வேற தொழில் எத்தனையோ இருக்கு," என்று நந்து என் பக்கம் திரும்பினான்.

பக்கத்து மேஜையில் டோஸ்ட்டை ஸ்டூவில் நனைத்துக்கொண்டிருந்த செயலாளர் மிருணாள்பாபு தலையைத் தூக்கினார். "கடைசி ஆட்டம் நீல்கஞ்ச் மிலனியோட. தோக்காம இருந்தாலே போதும், இந்தப் பிரிவுல நிப்போம். கீழ இறங்கினோம்னா பரிதோஷ் வீட்டுக்குப் போகலாம்."

"யார் வீட்டுக்கு?" என்று கத்திவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள்.

அந்த நேரம் பார்த்து ஹரிபதபாபு அண்ணாந்து கொட்டாவி விட்டார். விட்ட வாயை மூடவில்லை. தார்ப்பாயைத் தாங்கிய நீள வெள்ளைக் கம்பத்தையே பார்த்தார். அதில் வரிசையாகக் குங்குமப் பொட்டுகள். ஓரத்தில் காய்ந்த மாலையின் நார்.

"இது... இது நம்ம கம்பம்டா!"

எங்கள் ஊரில் பொய்லா போய்ஷாக் அன்று, வருஷப் பிறப்புக் காலையில், ஒவ்வொரு கிளப்பும் கோலின் மேல் குறுக்கே கிடக்கும் கம்பத்துக்குப் பூஜை போட்ட பிறகுதான் புது சீசன். இந்த வருஷமும் மாலை போட்டு, தேங்காய் உடைத்து, கேப்டன் பெயரைச் சொல்லி எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தோம். அடுத்த வாரப் புயலில் கம்பம் வளைந்தது. மைதானக்காரர் புதுக் கம்பம் நட்டுவிட்டுப் பழையதைக் கேன்டீனுக்குக் கொடுத்துவிட்டார். ஆக, சாமியின் அருள் முழுக்க ஸ்டூ சட்டிக்கு மேலே இருந்தது. யோசித்துப் பார்த்தால், அந்த சீசனில் எங்கள் கிளப்பில் ஓகோவென்று இருந்தது கேன்டீன் ஒன்றுதான்.

எனக்கு மூளையில் விளக்கு எரிந்தது. மேஜை மேலேயே ஏறி நின்றேன். "மோஷாய், இப்பவாவது புரியுதா? தப்பு பரிதோஷ்தா மேலயும் இல்ல, லால்ட்டு மேலயும் இல்ல. பூஜை போடாத கம்பத்துக்கு அடியில யார் நின்னாலும் தோப்பாங்க!"

இரண்டு நாளில் அந்தப் பேச்சு மைதானம் முழுக்கப் பரவியது. அதற்கு நானும் கொஞ்சம் அலைந்தேன். இல்லை என்று சொன்னால் பொய் சொன்னவனாவேன். பரிதோஷ்தாவைத் திட்டிய வாய்களெல்லாம் கம்பத்தைத் திட்டின.

ஆட்டத்தன்று காலை புரோகிதர் வந்தார். கையில் ஒரே ஒரு தேங்காய். வடக்குக் கம்பமா தெற்குக் கம்பமா என்று அரை மணி நேரம் சண்டை. "முதல் பாதியில நாம எப்பவும் வடக்கதான் காப்போம்," என்றார் ஹரிபதபாபு. வடக்குக்கே பூஜை ஆயிற்று.

டாஸில் நீல்கஞ்ச் ஜெயித்து வடக்கை எடுத்துக்கொண்டது.

முதல் பாதியில் எங்கள் ஆட்கள் இரண்டு முறை கோலுக்கு அடித்தார்கள். இரண்டும் குங்குமப் பொட்டிலேயே மோதித் திரும்பின. "எதிரிக்குக் காவல் போட்டுக் கொடுத்திருக்கியேடா பாவி!" என்று நந்து என் சட்டையைப் பிடித்தான். இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறியது. வடக்கில் லால்ட்டு நின்றான். நீல்கஞ்ச்காரர்கள் மூன்று முறை தனியாகப் புகுந்து வந்தார்கள். ஒன்று கம்பத்துக்கு மேலே பறந்தது. இரண்டு கம்பத்தில் இடித்துத் திரும்பின. கோலே இல்லாமல் ஆட்டம் முடிந்தது. தப்பித்தோம்.

லால்ட்டுவை யாரும் தோளில் தூக்கவில்லை. கூட்டம் ஓடிப்போய், ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறிக் கம்பத்தைக் கட்டிப்பிடித்தது. நந்து அதற்கு முத்தம் கொடுத்தான்.

அன்று சாயங்காலம் கமிட்டி கூடியது. மிருணாள்பாபு வெளியே வந்து என் தோளைத் தட்டினார். "தேபு, நீதான் எங்க கண்ணைத் தொறந்த. காப்பாத்தினது கம்பம். அப்போ பரிதோஷ் எதுக்கு? அடுத்த வருஷம் ரெண்டு கம்பத்துக்கும் பூஜை போட்டுட்டு, ஒரு சின்ன வயசுப் பயிற்சியாளரா பார்த்துக்குறோம்."

"ஐயோ, அவரோட உழைப்பும் இருக்கு சார்!"

"நீயே சொன்னியேப்பா, கம்பந்தான்னு."

வீட்டுக்கு வந்தேன். பரிதோஷ்தா மாடிப்படியில் உட்கார்ந்து விசிலைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். செய்தி எனக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது.

"தேபு, ஒண்ணு கேட்கவா? பந்து ஏன் கம்பத்துல பட்டுச்சுன்னு ஒருத்தனாவது யோசிச்சானா?" என்றார். குரலில் கோபம் இல்லை. "லால்ட்டுவால இனிமே பாய முடியாது. அதனால மூணு வாரம் அவனுக்கு ஒண்ணே ஒண்ணுதான் சொல்லிக் கொடுத்தேன். ஆள் வந்தா கோடு தாண்டி முன்னால வா. கீப்பர் முன்னால வந்தா அடிக்கிறவன் பந்தைத் தூக்கித்தான் அடிக்கணும். தூக்கினா கம்பத்துல படும், இல்ல மேல போகும். மூணு தடவையும் அவன் சரியா வந்தான்டா. அவ்வளவு அழகா வந்தான்."

எனக்கு வெட்கமாக இருந்தது. சீசன் முழுக்க இந்த மனுஷனுக்காகப் பேசியிருக்கிறேன். ஒரு நாள்கூட அவர் என்ன சொல்லிக் கொடுக்கிறார் என்று நின்று பார்த்ததில்லை. கடைசியில் அவருடைய ஒரே வெற்றியைப் பிடுங்கி ஒரு இரும்புக் குழாய்க்குக் கொடுத்ததும் நான்தான்.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு விசில் ஊதவில்லை. நான் அதற்கு முன்பே ஷூ மாட்டிக்கொண்டு வாசலில் நின்றிருந்தேன். மாடியிலிருந்து இறங்கி வந்த பரிதோஷ்தா என்னை மேலும் கீழுமாகப் பார்த்தார்.

"தொப்பை போட்டிருக்க," என்றார். "நாளையிலேர்ந்து நாலரை மணி."