கனகா எடுத்து வைக்கும் சட்டை

மருமகளின் பிரசவத்துக்காகக் கனகலக்ஷ்மி டொரன்டோவுக்கு விமானம் ஏறிய மறுநாள், கல்யாணமான பிறகு முதல் தடவையாக நானே என் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டேன். சிரிக்காதீர்கள். நான் குளித்துவிட்டு வருவதற்குள் கட்டில்மேல் சட்டையும் பேண்ட்டும் தயாராக இருக்கும். வெள்ளை, இல்லாவிட்டால் நீலம். கடையில் நானாக ஒன்றைக் கையில் எடுத்தால், "வேண்டாம்" என்று வாங்கித் திருப்பிக் கொடுத்துவிடுவாள். காரணம் சொல்லமாட்டாள். அரசாங்க ஆபீசில் அத்தனை பேரைக் கட்டி மேய்த்தவன் நான். வீட்டில் என் சட்டைக்கு எனக்கே அதிகாரமில்லை.

அதனால் மகன் பரத்வாஜ் விட்டுப்போன அலமாரியைத் திறந்தேன். சாம்பல் சட்டை, பழுப்பு பேண்ட், மார்கழிக் குளிருக்கு மேலே ஒரு நீல ஸ்வெட்டர். கண்ணாடியில் பார்த்தால் நிதானமான, மரியாதையான மனுஷன் தெரிந்தான். கனகா திரும்பி வந்ததும் முதல் வேலையாக, இனிமேல் என் துணி என் இஷ்டம் என்று சொல்லிவிட வேண்டும். முடிவே கட்டிவிட்டேன்.

அக்ரஹாரத்துக் கடையில் பீன்ஸ் பொறுக்கிக்கொண்டிருந்த என்னை, மாடி வீட்டு ஸ்வாதி போனில் படம் பிடித்து எங்கேயோ போட்டுவிட்டாள். அவள் ஃபேஷன் டிசைன் படிக்கிற கன்னடப் பெண். அதற்கப்புறம் நடந்தது எதுவும் எனக்குப் பிடிபடவில்லை. ஸ்கூட்டரில் போகிற பையன்கள் நிறுத்தி, "சார், சூப்பர்" என்று கட்டைவிரலைக் காட்டினார்கள். இரண்டு பெண்கள் என்னோடு நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். ஒரு சாம்பல் சட்டையில் அப்படி என்ன இருக்கிறது? மண்டையை உடைத்துக்கொண்டேன். ஆனால் பொய் சொல்வானேன், உள்ளூரக் குளிர்ந்துதான் போனேன்.

ஒருநாள் ஸ்வாதியே வந்து நின்றாள்.

"அங்கிள், ஞாயித்துக்கிழமை எங்க காலேஜ்ல ஒரு ஷோ. அடுத்த வருஷம் என்ன ஸ்டைல் வரும்னு நீங்க பேசணும். இல்லேன்னு மட்டும் சொல்லாதீங்க."

"அதுக்கென்ன, பேசறேன்" என்று நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டேன். "தொளதொள பேண்ட் இன்னும் கொஞ்ச நாள் ஓடும். அப்புறம் சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போடற பழக்கம் திரும்பி வரும், பார்த்துண்டே இரு. நிறம்னா, கண்ணை உறுத்தாத அடக்கமான நிறந்தான். பளபளப்பெல்லாம் ஜனங்களுக்கு அலுத்துப் போச்சு. இதோ, நான் போட்டுண்டிருக்கறதையே எடுத்துக்கோயேன்."

ஸ்வாதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "சக்கத் காமெடி அங்கிள் நீங்க! பிங்க் சட்டை, பச்சை பேண்ட், பர்ப்பிள் ஸ்வெட்டர். இது அடக்கமா?"

குனிந்து பார்த்தேன். சாம்பல்தான். "யாரைக் கேலி பண்றே?" என்று எரிந்து விழுந்தேன். அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

"கேலி இல்ல அங்கிள். ஹௌது, ஆமா, பிங்க்தான் அது."

விறுவிறுவென்று தெருமுனைக்குப் போனேன். அங்கே அய்யாசாமி துணி தேய்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தச் சட்டை என்ன நிறம்?"

"ஏனுங்க சார், ரோசுங்க. பளிச்சுன்னு இருக்குதுங்க."

"பேண்ட்?"

"பச்சைங்க." கேட்ட என்னைத்தான் அவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

இளநீர்க்காரனைக் கேட்டேன். அவனும் அதையே சொன்னான். தெருவே சேர்ந்துகொண்டு என்னை ஏய்க்கிறதா, இல்லை எனக்குத்தான் புத்தி பிசகிவிட்டதா? வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு கனகாவை வீடியோ காலில் கூப்பிட்டேன்.

"கனகா, இந்தச் சட்டை என்ன நிறம்?"

அவள் சிரிக்கவில்லை. "பரத் சட்டையை எடுத்துண்டேளா? அலமாரியைப் பூட்டிட்டு வந்திருக்கணும் நான்" என்றாள்.

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"ரோஸ். உங்களுக்கு அந்த நிறம் தெரியாது. சிவப்பு, பச்சை, ஊதா எல்லாமே குழம்பும். சில பேருக்குப் பிறவியிலேயே அப்படித்தானாம். டாக்டர்கிட்ட கேட்டுண்டேன்."

"எப்பலேர்ந்து தெரியும் உனக்கு?"

"கல்யாணமாகி முதல் பொறந்த நாளுக்கு எனக்குப் புடவை எடுத்துண்டு வந்தேளே. உனக்குப் பிடிச்ச கிளிப்பச்சை, கடை கடையா ஏறி எறங்கினேன்னு அவ்வளவு சந்தோஷமா நீட்டினேள். பிரிச்சா, ஆரஞ்சு."

"அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாமே!" என்று கத்தினேன். "இத்தனை வருஷமா என்னை முட்டாளாக்கி வச்சிருக்கே!"

"சொல்லியிருந்தா, அப்புறம் எனக்குன்னு தனியாப் போய் ஒரு புடவையாவது எடுத்திருப்பேளா?"

வருஷா வருஷம் நானாகத்தான் போய் எடுத்தேன். ஒன்று விடாமல் கட்டிக்கொண்டாள். கோவிலுக்கு, கல்யாணத்துக்கு, சீமந்தத்துக்கு என்று எல்லா இடத்துக்கும் கட்டிக்கொண்டு வந்தாள்.

"பார்த்தவா யாரும் ஒண்ணும் கேக்கலையா?"

"கேக்காம என்ன? உங்க அக்காவே பந்தியில எல்லார் எதிரிலயும் கேட்டா, ஏண்டி கனகா, உனக்கு நிறமே பார்த்து எடுக்கத் தெரியாதான்னு. தெரியாதுன்னு சொல்லிட்டேன்."

என்னைப் பார்த்து ஒருத்தரும் சிரித்துவிடக் கூடாது என்று வெள்ளையிலும் நீலத்திலும் அனுப்பிவைத்தவள், தான் மட்டும் நான் வாங்கிக் கொடுத்த நிறங்களில் ஊரெல்லாம் நடந்திருக்கிறாள். என் துணி என் இஷ்டம் என்று சொல்ல வைத்திருந்த பேச்செல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

"ஞாயித்துக்கிழமை காலேஜ்ல பேசக் கூப்பிட்டிருக்கா" என்றேன். "எதைப் போட்டுண்டு போகட்டும்?"

அவள் என்னை மேலும் கீழுமாகப் பார்த்தாள்.

"இதையே போட்டுண்டு போங்கோ. நன்னாத்தான் இருக்கு."