நாமும் நாங்களும்

அநீதியைக் கண்டால் குரல் கொடுப்பது மனிதப் பிறவியின் மகத்தான இயல்பு. எங்கள் சலவைக்கூடத்தில் ஏழு பேருக்கு அந்த இயல்பு தாராளமாக உண்டு. சம்பவத்தன்று மூன்று மணிக்கு ஏழு பேருக்கும் தொண்டை கட்டிக்கொண்டது.

ஓட்டல் துணிகளைத் துவைத்துக் கொடுக்கும் இடம் அது. நான் மூன்றாம் மெஷினில் நின்றேன். எங்கள் சூப்பர்வைசருக்கு நாங்கள் வைத்த பெயர் 'கஞ்சி'. சட்டைக்குப் போட வேண்டியதை முதுகெலும்புக்கும் சேர்த்துப் போட்டுக்கொண்டவர். அன்று சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன், அவசர ஆர்டர் என்று பறந்து வந்தவர், வெள்ளைத் துணிக்கான பிளீச்சை என் மெஷினில் ஊற்றினார். உள்ளே சுற்றிக்கொண்டிருந்தவை நீலத் திரைச்சீலைகள்.

"சார், கலர் துணி சார்!" என்று கத்தினேன்.

"எனக்கே பாடமா?" என்றார்.

கதவைத் திறந்தபோது நாற்பது திரைச்சீலைகளும் தேமல் படர்ந்த முதுகு மாதிரி இருந்தன. கஞ்சி ஒரு கணம்தான் யோசித்தார். பிறகு கட்டடமே அதிரும்படி என்னைக் கேட்டார்: "என்னம்மா பண்ணி வச்சிருக்க?"

ஏழு பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதில் ஒருத்தி என் நாத்தனார். இஸ்திரி மேசை அவளுடையது. அந்த வேலையில் அவளைச் சேர்த்துவிட்டதே நான்தான். என் கணவர் இடுப்பொடிந்து படுத்த நாளிலிருந்து எங்கள் இரண்டு பேர் வேலையில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது.

சாப்பாட்டு நேரத்தில், "விடுங்க அண்ணி," என்று என் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள். "மூணு மணி மீட்டிங்ல நாம சொல்லுவோம். ஏழு பேரு வாயையும் கஞ்சி போட்டு ஒட்டிற முடியுமா?"

"அதானே!" என்றார் மூட்டை தூக்கும் பெரியவர்.

"நான் ஒருத்தி போதும், அவன் மானத்த வாங்க," என்றாள் துணி மடிப்பவள்.

"பாத்துக்கலாம் அக்கா," என்றார் வேன் டிரைவர்.

நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

எங்கள் முதலாளிக்குப் பிடித்த சொல் 'நாம'. "இந்த ஆர்டர நாம உயிரக் குடுத்து முடிக்கிறோம்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விடுவார். அவருடைய 'நாம'வில் அவரைத் தவிர எல்லோரும் இருப்போம். அன்றும், "நாம எல்லாரும் ஒரே குடும்பம்" என்றுதான் ஆரம்பித்தார்.

"மூணாம் மெஷின்ல நடந்த தப்ப சூப்பர்வைசர் சொல்லிட்டார். வேற யாராவது ஏதாவது சொல்லணுமா?"

'யாராவது'வைப் போல ஒளிந்துகொள்ளத் தோதான சொல் வேறு இல்லை. ஏழு பேரும் அதற்குள் புகுந்துகொண்டார்கள். பெரியவர் மடிப்பவளைப் பார்த்தார். மடிப்பவள் டிரைவரைப் பார்த்தாள். டிரைவர் மின்விசிறியைப் பார்த்தார். அதற்கு வாய் இருந்திருந்தால் அதுவாவது சொல்லியிருக்கும்.

"ஊத்தினது அவர்தான் சார்," என்றேன். "எல்லாரும் பாத்தாங்க."

முதலாளி என் நாத்தனாரிடம் திரும்பினார். "நீ பக்கத்துலதானேம்மா நின்ன? பாத்தியா?"

எனக்கு உயிர் வந்தது. ஆளைக் காட்டியே கேட்டாயிற்று, இனி ஒளிய இடமில்லை.

"நாங்க இஸ்திரி போட்டுட்டு இருந்தோம் சார்," என்றாள், தரையிடம். "நாங்க யாரும் எதுவும் பாக்கல."

சாப்பாட்டு நேரத்தில் அவள் சொன்ன 'நாம'வுக்குள் எனக்கும் ஓரிடம் இருந்தது. அது 'நாங்க' ஆனபோதே நான் வெளியே நின்றுவிட்டேன். வேலையை விட்டு நிறுத்தியதை முதலாளி அதற்குப் பிறகுதான் அறிவித்தார்.

நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது எல்லோருக்கும் தொண்டை திறந்துகொண்டது.

"வாயெடுத்தேம்மா நான். அவ ஆரம்பிப்பான்னு பாத்தேன்," என்றார் பெரியவர், மடிப்பவளைக் காட்டி.

"பெரியவர் நிக்கும்போது நான் முந்திக்கிட்டா நல்லாவா இருக்கும்?" என்றாள் மடிப்பவள்.

"அதான் இத்தன பேரு இருக்காங்களேன்னு விட்டுட்டேன் அக்கா," என்றார் டிரைவர்.

பார்த்தது ஒரே ஒருவராக இருந்திருந்தால் என் வேலை தப்பியிருக்கும். ஏழு பேராகப் போனது என் கெட்ட நேரம்.

நாத்தனார் வழியெல்லாம் பத்தடி பின்னால் வந்தாள். வீட்டுக் கதவருகில்தான் வாய் திறந்தாள். "அண்ணி... அண்ணன்கிட்ட இத நாம எப்படிச் சொல்றது?"

"'நாம' எதுக்குடி? 'நாங்க'ன்னே சொல்லு," என்றேன்.

கடைசியில் நானேதான் சொன்னேன். கணவர் தங்கையைத் திட்டினார், கஞ்சியைத் திட்டினார், ஏழு பேரையும் தனித்தனியாகத் திட்டினார். அவரிடம் ஒன்றை மட்டும் சொல்லவில்லை. கூட்டம் முடிகிறபோது முதலாளி, தவறை உடனே கண்டுபிடித்ததற்காக சூப்பர்வைசருக்கு எல்லோரையும் கை தட்டச் சொன்னார். நானும் தட்டினேன்.