கூடாரத்துக்குள் போன கறிவேப்பிலை

கஞ்சாச் செடிக்குப் புளித்த மோர் ஊற்றிய ஆள் பலேர்மோ நகரத்திலேயே ஒருத்திதான் இருப்பாள். அவள் பெயர் அனிற்றா. மன்னாரில் பிறந்தவள், அந்த நகரத்துக் கால்சாப் பகுதியில் சிஞ்ஞோரா நுன்சியா என்ற இத்தாலிய அம்மாவின் வீட்டில் பல வருடமாக வேலை செய்கிறவள், ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவள். சிரிக்காதீர்கள். அவள் அழுத கதை இது.

சிஞ்ஞோரா நுன்சியா வயதான தனி ஆள். விரல்களில் நரம்பு வலி. மாரிகாலம் வந்துவிட்டால் கோப்பிக் கோப்பையைக்கூடத் தூக்க முடியாமல் துடிப்பாள். டொக்டர் எழுதிக் கொடுத்த கஞ்சா எண்ணெய் மருந்துக்கடையில் கிடைத்தால் உண்டு, கிடைக்காவிட்டால் இல்லை. பார்த்தாள் கிழவி. பின்னறையில் கறுப்புத் துணிக் கூடாரம் ஒன்றை அடித்து, உள்ளே விளக்கும் காற்றாடியும் பூட்டி, தானே இரண்டு செடி வளர்த்தாள். பூவை ஒலிவெண்ணெயில் போட்டுக் காய்ச்சி வைத்துக்கொண்டால் மாரி முழுவதும் அவளுக்கு நித்திரை வரும். அதற்காகத்தான் அந்தச் செடிகள்.

ஒக்டோபரில் சிஞ்ஞோரா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். அம்புலன்ஸில் ஏற்றும்போதுகூட அவளுக்குச் செடி நினைவுதான்.

"தண்ணீர் ஊற்று. போத்தலில் இருக்கிற பசளையைக் கொஞ்சமாக மட்டும் கலந்து விடு. வெளியிலிருந்து ஒன்றையும் கூடாரத்துக்குள் கொண்டுபோகாதே. சந்தேகம் வந்தால் எனக்குப் போன் எடு" என்றாள்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள் அனிற்றா. தலையாட்டுவதில் அவளை யாரும் வெல்ல முடியாது.

ஆனால் அவளிடம் ஒரு கறிவேப்பிலைக் கன்று இருந்தது. பக்கத்து ஊர் பகேரியாவில் இருக்கும் றோசமலர் அக்கா வேரோடு பிடுங்கிக் கொடுத்த கன்று. கோடையில் அனிற்றா வீட்டுப் பல்கனியில் நின்று தளதளக்கும், குளிர் வந்ததும் இலையெல்லாம் கொட்டி வெறும் குச்சியாகிவிடும். வருடா வருடம் இதே பாடு. இந்த ஊர்த் தமிழ்ச் சனத்துக்குக் கறிவேப்பிலையைக் குளிரில் காப்பாற்றுவது பிள்ளை வளர்ப்பதைவிடப் பெரிய கரைச்சல்.

கூடாரத்தைத் திறக்கும்போதெல்லாம் முகத்தில் அடிக்கும் அந்தச் சூடு அனிற்றாவைச் சும்மா இருக்க விடவில்லை. உள்ளே மன்னார் வெயில் எரிகிறது, வீட்டில் என் பிள்ளை விறைக்கிறதே என்று நினைத்தாள். ஒருநாள் கன்றைச் சட்டியோடு பையில் வைத்துப் பஸ்ஸில் கொண்டுபோய், இரண்டு செடிகளுக்கும் நடுவில் இருத்திவிட்டாள்.

கறிவேப்பிலை குபுகுபுவென்று துளிர்த்தது. அனிற்றாவுக்கு உச்சி குளிர்ந்துபோனது. இவ்வளவு நன்றாக வருகிறதே, இன்னும் கொஞ்சம் விட்டால் என்ன என்று மூன்றுக்குமே பசளையை அள்ளி ஊற்றினாள். அளந்து பரிமாறுகிற கை இல்லை அவளுடையது. கொஞ்ச நாளில் கஞ்சா இலைகள் கரும்பச்சையாகி, நுனி கருகி, கோழிக்கால் நகம் மாதிரிக் கீழே வளைந்தன.

அப்போதாவது சிஞ்ஞோராவுக்குப் போன் எடுத்திருக்க வேண்டாமா! எடுக்கவில்லையே அந்த விசரி. எடுத்தால் முதலில் கறிவேப்பிலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதோடு பயம். புதுப்பிக்கக் கொடுத்த பெர்மெஸ்ஸோ, அதுதான் இங்கே இருக்கிறதுக்கான விசா அட்டை, இன்னும் குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரிலிருந்து வரவில்லை. போனில் கஞ்சா என்று கதைத்தால் பொலிசுக்குக் கேட்டுவிடும் என்று தானே நினைத்துக்கொண்டாள். புருஷன் விமலராஜிடம்கூட மூச்சு விடவில்லை. கடைசியில், கோயில் பங்குப் பெண்களின் வாட்ஸப் குழுவில், "என்ர கறிவேப்பிலைக்கு இலை நுனி கருகுது, என்ன செய்யலாம்?" என்று போட்டாள்.

றோசமலர் அக்காவின் குரல் உடனே வந்தது. "அது பசியடி அனிற்றா! புளிச்ச மோரை ஊத்து. மீன் கழுவின தண்ணியும் விடு. பிள்ளை பெத்தவளுக்குக் குடுக்கிற மாதிரிக் குடுக்கவேணும்."

கொடுத்தாள். மண் நாறியது, சின்ன ஈக்கள் பறந்தன, செடிகள் இன்னும் கருகின. பிறகு இலைகளின் அடியில் ஊசிமுனை அளவு பூச்சிகளும் நூல் மாதிரி வலையும் தெரிந்தன. பல்கனியிலிருந்து கறிவேப்பிலையோடு கூடவே வந்த விருந்தாளிகள். மறுபடியும் குழுவில் கேட்டாள்.

"வேப்பெண்ணெய் அடி. பூச்சியெண்டால் பாவம் பார்க்காத, நல்லா நனைய அடி" என்றாள் அக்கா.

அப்போதுதான் பூக்கத் தொடங்கியிருந்த செடிகளை எண்ணெயும் சவர்க்காரமும் கலந்த தண்ணீரால் தோய்த்தெடுத்தாள் அனிற்றா. அக்காவில் ஒரு பிழையும் இல்லை. சொன்னதெல்லாம் கறிவேப்பிலைக்குச் சரியான வைத்தியம். அதனால்தான் கறிவேப்பிலை மட்டும் மினுமினுவென்று நின்றது.

தொடக்கத்தில் ஒருதரம் பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குச் சிஞ்ஞோராவைப் பார்க்கப் போனவள், பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல அவளுக்கு வராது.

நத்தார் பண்டிகைக்கு முன் சிஞ்ஞோரா ஊன்றுகோலோடு வீடு வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றாமல் நேரே பின்னறைக்குப் போய்க் கூடாரத்தைத் திறந்தாள். வேம்பும் மோரும் சேர்ந்த நாற்றம் முகத்தில் அடித்தது. நடுவில் நின்ற பச்சைச் செடியைக் காட்டி, "இது யார்?" என்று கேட்டாள்.

அனிற்றா ஒன்றும் மறைக்கவில்லை. அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினாள்.

கிழவி கத்துவாள் என்று பார்த்தால் கத்தவில்லை. கதிரையில் இருந்தபடி வேலை சொன்னாள். "உன் செடியை வெளியே கொண்டுபோ. இவை இரண்டையும் குளிக்கிற தொட்டிக்குள் வை. வெறும் தண்ணீர் ஊற்று. அடியால் வடிகிற தண்ணீர் தெளிவாக வரும்வரை ஊற்று. இது பசியில்லை, அனிற்றா. சாப்பாடு கூடிப்போன வருத்தம். இனிக் கொஞ்ச நாளைக்குப் பசளையே வேண்டாம். கருகினதை வெட்டு, இலைக்கு அடியெல்லாம் ஈரத்துணியால் துடை."

அனிற்றா முழங்காலில் இருந்து ஒவ்வொரு இலையாகத் துடைத்தாள். கொஞ்ச நாளில் வளையாத, கருகாத இளம் இலைகள் வந்தன. அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினாள். சிஞ்ஞோரா தப்பிய பூ ஒன்றைக் கிள்ளி இரண்டாகப் பிளந்தாள். உள்ளே சாம்பல் நிறப் பூஞ்சணம். மற்றதும் அப்படித்தான், வேப்பெண்ணெய் நாற்றம் வேறு.

"செடி பிழைத்துவிட்டது. பூ போய்விட்டது. பூ வந்த பிறகு எண்ணெய் அடிக்கவே கூடாது" என்றாள்.

இந்த மாரிக்கு அவளுக்கு மருந்து இல்லை என்பது அனிற்றாவுக்கு விளங்கியது.

"ஏன் எனக்குப் போன் எடுக்கவில்லை?" என்று கேட்டாள் சிஞ்ஞோரா.

"முதலில் பயம், சிஞ்ஞோரா. பிறகு வெட்கம்."

சிஞ்ஞோரா தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆஸ்பத்திரி அறையில் எல்லாருடைய போனும் அடிக்கும். என்னுடையது மேசையில் சும்மா கிடந்தது. நீ எடுப்பாய் என்று நித்திரையிலும் அதை நிறுத்தி வைக்கவில்லை. செடியைப் பற்றிக் கேட்கவாவது எடுத்திருக்கலாமே."

ஊரெல்லாம் கேட்டாளே, கேட்க வேண்டிய ஒருத்தியை விட்டுவிட்டாளே! அன்று கறிவேப்பிலைச் சட்டியையும் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள் அனிற்றா.

ஒரு பின்னேரம் விமலராஜ் சொதியை வாயில் வைத்துவிட்டு, "என்னப்பா, கறிவேப்பிலை போடேல்லையே? சன்னல் கரையில அவ்வளவு நிக்குது" என்றான்.

"போடேல்லை" என்றாள் அனிற்றா. "நீங்க சாப்பிடுங்கோ, நான் வாறன்."

சன்னலடிக்குப் போய்ச் சிஞ்ஞோராவுக்குப் போன் எடுத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வைத்துவிடவில்லை. அந்த விரல்கள் போனைப் பிடித்துத் தூக்க இப்போது அவ்வளவு நேரம் ஆகும் என்று அவளுக்குத் தெரியும்.